உள்ளுக்குள் கடகட, டிக்டிக், கிறீச்: ஸ்போர்ட்டி வண்டி வைத்திருப்பவர்கள் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள்?

#1 கச்சான்காற்று (இராமநாதபுரம்)

வணக்கம். இத்தனை நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் இழையே புலம்பலாகத் தொடங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு ஒன்றரை வயது, 31,000 கிலோமீட்டர். மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், ஆறு கியர், மேனுவல். எந்த கம்பெனி என்று எழுதமாட்டேன். எழுதினால் இழை அந்தச் சண்டையிலேயே முடிந்துவிடும். வீடு இராமநாதபுரம், வேலை இராமேஸ்வரம். வாரத்துக்கு நாலு நாள், போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். விடிகாலையில் உச்சிப்புளி தாண்டி சாலை காலியாகக் கிடக்கும்போது மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தால் கிடைக்கிற சுகத்துக்காகத்தான் இதை வாங்கினேன். அதில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் பாத்திரக்கடை.

இப்போதைக்கு நான் அடையாளம் கண்டவை:

பாம்பன் சாலைப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் பின்னாலிருந்து ஒரு "டக்". பாலம் 2.3 கிலோமீட்டர். எண்ணத் தொடங்கினால் பைத்தியம் பிடிக்கும், நான் ஒருநாள் எண்ணினேன்.

டேஷ்போர்டில், கண்ணாடி ஓரமாக, பல்லி கொட்டுவதுபோல "டிக் டிக் டிக்". காலையில் போகும்போது கிடையாது. மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் வரும்.

என்ஜின் சுழற்சி சரியாக 2,000 வரும்போது டிரைவர் பக்கக் கதவில் "ஙொய்ய்" என்று வண்டு ரீங்காரம். 2,200-க்குப் போனால் போய்விடும்.

நாலாவது, முன்பக்கம் இடது மூலையில் சின்னக் குழிகளில் மட்டும் "கடகட". பெரிய வேகத்தடையில் வராது. இது டேஷ்போர்டுக்குள் ஏதோ கழன்றிருக்கிறது என்று நினைக்கிறேன்.

சர்வீஸ் சென்டருக்கு இரண்டு தடவை போயாயிற்று. ஓட்டிப் பார்த்த பையன் ஏசியை நான்கில் வைத்துக்கொண்டு "ஒன்றும் கேட்கவில்லையே சார்" என்றான். ஏசியை அணைக்கச் சொன்னேன். அணைத்தான். கேட்டது. "ஸ்போர்ட்டி வண்டி இல்லையா சார், இது நார்மல்தான்" என்றான்.

இது உண்மையிலேயே நார்மல்தானா?

#2 மண்டபம்_மெதுவோட்டம்

நார்மல்தான் தம்பி. பாட்டைப் போட்டு சத்தத்தைக் கூட்டு.

#3 சாயல்குடி_பனங்கிழங்கு

மேலே உள்ளவர் எல்லா இழையிலும் இதையேதான் எழுதுவார், கண்டுகொள்ளாதீர்கள் பங்காளி.

என் கதையைச் சொல்கிறேன். போன வருடம் பின்னாலிருந்து "கிறீச் கிறீச்" என்று ஒரு சத்தம். வளைவில் வரும், நேர்ச் சாலையில் வராது. பின்சீட்டைக் கழற்றினேன், டிக்கிக் கதவு ரப்பருக்கு கிரீஸ் போட்டேன், ஸ்டெப்னியை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓட்டினேன். போகவில்லை. மதுரையில் ஒரு கடையில் ஷாக்அப்சார்பர் மாற்ற வேண்டும் என்று விலைகூடப் பேசிவிட்டேன். அப்புறம் ஒருநாள் என் மாமியார் வந்து டிக்கி ஓரத்தில் கையை விட்டு, பார்சல் ட்ரேக்குக் கீழே செருகியிருந்த ஓலைக்கொட்டானை எடுத்தார். நாலு மாதம் முன்னால் கருப்பட்டி போட்டுக் கொடுத்தது. ஓலையும் பிளாஸ்டிக்கும் உரசிய சத்தம்.

ஆகவே முதல் வேலை: வண்டியைச் சுத்தமாகக் காலி செய்யுங்கள். கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, மூக்குக்கண்ணாடிப் பெட்டி, சாமி படம், டேஷ்போர்டில் ஒட்டிய பொம்மை, பின்னால் உருளும் தண்ணீர் பாட்டில், எல்லாம். ஜாக்கி, வீல் ஸ்பேனர் இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

#4 கீழக்கரை_காக்கா

ஓலைக்கொட்டான் கதைக்குச் சிரித்துவிட்டேன். எனக்கு ஒரு திர்ஹம் காசு. ஊருக்கு வந்த மச்சான் சட்டைப்பையிலிருந்து விழுந்து சீட் தண்டவாளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிரேக் அடித்தால் முன்னே போகும், மிதித்தால் பின்னே வரும். மூன்று மாதம் கியர்பாக்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#5 பன்னிரண்டு_பதிமூன்று_ஸ்பேனர் (பரமக்குடி)

தம்பி கச்சான், நாலு சத்தம் எழுதியிருக்கிறாய். முதல் மூன்றும் வீட்டுக்குள் நடக்கிற சண்டை. நாலாவது வாசலில் நடப்பது. அதை முதலில் பார்.

சின்னக் குழியில் கடகட, பெரிய வேகத்தடையில் சத்தமில்லை என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு, அதாவது சக்கரப் பக்கத்தை ஸ்டெபிலைசர் பாரோடு இணைக்கும் சின்னக் கம்பி. காரணம் சொல்கிறேன். வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அப்போது இடது வலது சக்கரங்களைக் குறுக்கே இணைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கு வேலையே இல்லை, முறுக்கு விழாது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால்தான் பார் முறுகும், லிங்க் ராடின் இரண்டு முனையிலும் உள்ள பந்து மூட்டு இழுபடும். மூட்டு தேய்ந்திருந்தால் கடகட. அந்தச் சத்தம் இரும்பு வழியாக ஏறி டேஷ்போர்டுக்குள் இருந்து வருவதுபோலவே கேட்கும். எத்தனையோ பேர் டேஷ்போர்டைப் பிரித்துப்போட்டுவிட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

நம்ம கரையில் இது சீக்கிரம் போகும். மூட்டின் மேலே ஒரு ரப்பர் உறை இருக்கும், அதில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், உப்பும் மணலும் உள்ளே போய் கிரீஸைச் சேறாக்கிவிடும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்பு தின்றது, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்தில் புதுப் பாலமே கட்ட வேண்டியதாயிற்று. உன் லிங்க் ராடு எம்மாத்திரம்.

இரண்டு கேள்வி. டயர் அளவு என்ன? காற்று எவ்வளவு?

#6 கச்சான்காற்று

அண்ணே, வீட்டுக்குள் சண்டை, வாசலில் சண்டை என்று சொன்னது ரொம்பப் பொருத்தம்.

டயர் விஷயத்தில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். கம்பெனி கொடுத்தது 195/55 ஆர்16. நான் போட்டிருப்பது 215/45 ஆர்17. பார்க்க அழகாக இருந்தது. காற்று பெட்ரோல் பங்கில்தான், பையன் என்ன வைக்கிறானோ அதுதான். இப்போது போய்ப் பார்த்தேன், 40.

#7 பன்னிரண்டு_பதிமூன்று_ஸ்பேனர்

40-ஆ! கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படி. 33 பக்கம்தான் இருக்கும்.

கணக்கைப் பார். டயர் அகலம் 195 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் என்றால் டயரின் பக்கச் சுவர் 107 மில்லிமீட்டர். 215-இல் 45 சதவீதம் என்றால் 97. சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவில் இருந்த மெத்தையில் ஒரு சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருப்பதையும் கல்லாக ஊதி வைத்திருக்கிறாய். ஸ்பிரிங் ஏற்கெனவே விறைப்பு. சாலையில் கிடக்கும் ஜல்லியெல்லாம் நேராக உன் கதவு கிளிப்பில் வந்துதான் முட்டும்.

முதலில் காற்றைக் குறைத்து ஒரு வாரம் ஓட்டு. குளிர்ந்த டயரில் பார்க்க வேண்டும், இராமேஸ்வரம் வரை ஓட்டிவிட்டுப் பார்க்காதே.

#8 தொண்டிக்காரி (ஒரகடம்)

சொந்த ஊர் தொண்டி. பத்து வருடமாகக் காருக்கு உள்பக்க பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. இந்தச் சத்தங்களைத் துரத்துவதுதான் எனக்குச் சம்பளம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் இதை மூன்றாகப் பிரிப்போம்: ரீங்காரம், கிறீச்சிடல், கடகடப்பு. கடகடப்பு என்றால் இரண்டு பாகம் விலகி விலகி மோதுகிறது. கிறீச் என்றால் இரண்டு பாகம் ஒட்டிக்கொண்டு, இழுபட்டு, வழுக்கி, மறுபடி ஒட்டுகிறது. வயலின் நரம்பில் வில் செய்கிற அதே வேலை. வைத்தியம் இரண்டுக்கும் வேறு. மோதினால் நடுவில் மெத்தை வேண்டும். உரசினால் வழுக்கல் வேண்டும். பலர் கிறீச்சிடும் இடத்தில் தடியான ஸ்பாஞ்சைத் திணித்து அழுத்தத்தைக் கூட்டி, சத்தத்தை இன்னும் பெரிதாக்கிவிடுவார்கள்.

உங்கள் மதியப் பல்லிக்கு வருகிறேன். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் டேஷ்போர்டு மேற்பரப்பு நம் ஊர் வெயிலில் 70 டிகிரியைச் சுலபமாகத் தொடும். அகலம் சுமார் 1.4 மீட்டர் என்று வையுங்கள். விடிகாலைக்கும் மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் அந்த பிளாஸ்டிக் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். அதைத் தாங்கி நிற்கும் இரும்புக் குழாய் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. இரண்டையும் கிளிப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். எங்காவது ஓர் ஓரம் வழுக்கித்தான் ஆக வேண்டும், அதுதான் டிக். சூடு ஆறினால் திரும்பி வரும்போதும் டிக். இதில் எதுவும் கழலவில்லை, உடையவில்லை.

2,000 ரீங்காரம் கணக்காகவே சொல்லிவிடலாம். நாலு ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. 2,000 சுற்றில் விநாடிக்கு 50. உங்கள் கதவுப் பலகையில் ஏதோ ஒரு துண்டுக்கு இயல்பான அதிர்வு அந்த 50-க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல என்ஜின் அதைத் தள்ளுகிறது. 2,200-இல் தாளம் தப்பிவிடும், சத்தம் நின்றுவிடும்.

ஓட்டாமலே கண்டுபிடிக்க ஒரு வழி: கைபேசியில் ஒற்றை அலைவரிசை ஒலி எழுப்பும் செயலி ஏதாவது இறக்குங்கள். வண்டி ஸ்பீக்கரோடு இணைத்து 30 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 30 அதிர்வு) தொடங்கி மெதுவாக 150 வரை ஏற்றுங்கள். எந்த எண்ணில் ரீங்காரம் வருகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, கதவை உள்ளங்கையால் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தினால் அடங்குகிறதோ அங்கேதான் கிளிப் இல்லை.

கதவை யாராவது எப்போதாவது கழற்றினார்களா?

#9 கச்சான்காற்று

அக்கா, நீங்கள் கேட்டதும்தான் நினைவு வருகிறது. வாங்கிய இரண்டாவது வாரம் ஸ்பீக்கர் மாற்றினேன். முன்கதவு இரண்டையும் கழற்றினார்கள். கடையில் நான் இல்லை, எதிரே புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

#10 கீழக்கரை_காக்கா

புரோட்டாவோடு அந்தக் கடைக்காரர் மூன்று கிளிப்பையும் சேர்த்துத் தின்றிருப்பார்.

#11 மண்டபம்_மெதுவோட்டம்

நான் சொல்வதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு முறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

போர்ஷே 1973-இல் காரெரா ஆர்எஸ் 2.7 என்று ஒன்று விற்றது. அதன் லைட்வெயிட் வகையில் எடை குறைப்பதற்காக ஒலித்தடுப்புப் பொருளையும் பின்சீட்டையும் டேஷ்போர்டுக் கடிகாரத்தையும்கூட எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதைத்தான் ஜனங்கள் தேடுகிறார்கள். மறுபக்கம் ரோல்ஸ்ராய்ஸ் 2020-இல் புது கோஸ்ட் கொண்டுவந்தபோது நூறு கிலோவுக்கு மேல் ஒலித்தடுப்புப் பொருள் வைத்தார்கள். உள்ளே அமைதி அளவுக்கு மீறிப் போய் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு மாதிரி இருந்ததாம், மெல்லிசாக ஒரு ஒலியை அவர்களே வேண்டுமென்று விட்டுவைத்தார்கள்.

தம்பி வாங்கியது இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி. விறைப்பான ஸ்பிரிங் வேண்டும், குறைந்த விலை வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், சத்தமும் வரக்கூடாது என்றால் எப்படி? நானும் ஒரு காலத்தில் ஒவ்வொரு சத்தமாகத் துரத்தினேன். ஒன்றை அடக்கினால் அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று கேட்கும். என் வீட்டுக்காரி வண்டியில் ஏறுவதையே நிறுத்திவிட்டாள், நான் பேசவிடாமல் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுகிறேன் என்று. அன்றைக்கு விட்டேன்.

#12 தொண்டிக்காரி

ஐயா சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒரு சத்தம் இன்னொன்றை மூடுவது உண்மை. மின்சார வண்டிகள் வந்த பிறகு எங்களுக்கு வேலை கூடியதே அதனால்தான். என்ஜின் சத்தம் இல்லாததால் மூடி வைக்க ஆளில்லை.

ஆனால் சத்தத்தோடு வாழ்வது என்பது அது என்ன சத்தம் என்று தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு. லிங்க் ராடையும் பாட்டுப் போட்டு மூடினால், ஒருநாள் அது சாலையில் பேசும்.

#13 பன்னிரண்டு_பதிமூன்று_ஸ்பேனர்

அப்படிச் சொல்லுங்கள் அம்மா.

#14 சாயல்குடி_பனங்கிழங்கு

சந்தடி சாக்கில் ஒரு சந்தேகம். ஞெகிழி டேப், துணி டேப், ஸ்பாஞ்ச் என்று கடையில் நூறு வகை. எங்கள் அப்பா பழைய வேட்டியைக் கிழித்துச் செருகு என்கிறார். உண்மையில் எது நிற்கிறது? நான் ஒட்டிய ஸ்பாஞ்ச் ஒரு வருடத்தில் பிசினாகிவிட்டது.

#15 தொண்டிக்காரி

வேட்டித் துணி வேண்டவே வேண்டாம். பருத்தி ஈரத்தை உறிஞ்சும். கடற்காற்றின் ஈரம் வெறும் ஈரமும் இல்லை, உப்போடு வரும். அந்த ஈரத்துணியை உள்பக்கத் தகரத்தோடு சேர்த்து வைத்தால் துரு பிடிக்க நீங்களே இடம் கொடுத்ததாகும். விலை குறைந்த ஸ்பாஞ்ச் வெயிலிலும் ஈரத்திலும் பொடிந்தோ பிசினாகவோ போகும், நீங்கள் பார்த்ததுதான்.

தொழிற்சாலையில் வயர் கட்டுகளைச் சுற்றப் பயன்படுத்தும் பாலியஸ்டர் பஞ்சுத்துணி டேப் கேளுங்கள். தெசா 51608 அந்த வகைதான், வேறு பெயர்களிலும் கிடைக்கும். கறுப்பாக, தொட்டால் மெல்லிய கம்பளி போல இருக்கும். ஒட்டும் முன் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். நம் பக்கத்தில் இது முக்கியம், கைக்குத் தெரியாத உப்புப் படலம் எல்லாவற்றின் மேலும் இருக்கும், அதன் மேல் ஒட்டினால் டேப் இரண்டு வாரத்தில் சுருண்டுகொள்ளும்.

கதவு ரப்பர் பீடிங் கிறீச்சிட்டால் ரப்பருக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ், விரல் நுனியில் எடுத்து ஒரு தேய்ப்பு. வாசலினும், பெட்ரோலிய எண்ணெய் கலந்த ஸ்ப்ரேயும் வேண்டாம். அந்த வகை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிப்போகும்.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் படியுங்கள். முன்கண்ணாடியின் இருபுறமும் உள்ள தூண் மூடியை வீட்டில் கழற்றாதீர்கள். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால் அதன் முன்பகுதி அந்த மூடிக்குப் பின்னால்தான் இருக்கும். சில வண்டிகளில் அந்த மூடியைப் பிடிக்கும் கிளிப் ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். பழையதையே அழுத்தி வைத்தால் ஏர்பேக் விரியும்போது மூடி பறந்து வந்து முகத்தில் அடிக்கலாம். உள்ளே ஸ்பாஞ்ச் திணித்தால் பை விரிய வேண்டிய வழியை அடைக்கிறீர்கள். கடையில் செய்தாலும் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். புரோட்டா அப்புறம் சாப்பிடலாம்.

#16 கச்சான்காற்று

அந்தப் புரோட்டாவை இனி யாரும் விடமாட்டீர்கள் என்று தெரிகிறது.

#17 கீழக்கரை_காக்கா

பின்பக்க "டக்"-க்கு யாரும் பதில் சொல்லவில்லையே. என் அனுபவம்: பின்சீட் முதுகு மடியும் வண்டிகளில் அதைப் பூட்டிப் பிடிக்க ஒரு கொக்கி, அது மாட்ட ஒரு இரும்பு வளையம். இரண்டுக்கும் நடுவில் கடுகளவு இடைவெளி வந்தாலும் பாலத்து இணைப்பில் டக் அடிக்கும். வளையத்தில் அக்கா சொன்ன டேப் ஒரே ஒரு சுற்று. இரண்டு சுற்று போட்டால் பூட்டு சரியாக விழாது, கவனம்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. பின்சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்துப் பாலத்தைக் கடந்து பாருங்கள். சத்தம் நின்றால் சீட்தான். நிற்காவிட்டால் டிக்கிக் கதவு. கதவின் இரண்டு ஓரத்திலும் ரப்பர் குமிழ் இருக்கும், திருகினால் வெளியே வரும். அரைச் சுற்று திருகி, கதவு கொஞ்சம் அழுத்திச் சாத்த வேண்டிய அளவுக்கு வையுங்கள்.

உட்கார ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி பக்கம் போக வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்த் தொதல் இனிப்பு கொண்டு வருகிறேன்.

#18 பன்னிரண்டு_பதிமூன்று_ஸ்பேனர்

தொதல் என்றால் நானும் வருகிறேன். காலை ஆறு மணி, பட்டணம்காத்தான். லிங்க் ராடைக் கையால் ஆட்டிப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்.

#19 கச்சான்காற்று

ஞாயிறு முடிந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காற்று 33-க்கு இறக்கியதிலேயே முக்கால்வாசிக் கோபம் போய்விட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்தது நாலு சத்தம் இல்லை, நாலையும் தூக்கிவிட்ட டயரைத்தான் பாதி நேரம் கேட்டிருக்கிறேன்.

ஸ்பேனர் அண்ணன் அறுபது வயதுக்காரர் என்று நேரில் பார்த்ததும்தான் தெரிந்தது. சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே தலையை விட்டார். லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினார், "இந்தா, நீயே பார்" என்று என் கையை இழுத்து வைத்தார். டேஷ்போர்டுக்குள் என்று நான் சத்தியம் செய்த அதே கடகட என் உள்ளங்கையில் கேட்டது. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் ஈர மணல் நிறத்தில் ஒரு களி. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறத்தது. திங்கட்கிழமை இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன். கடகட இல்லை.

பாலத்துக்குப் போகும்போது பின்சீட்டில் காக்காவும் அண்ணனும். டக் இல்லை. திரும்பும்போது இருவரையும் பாம்பனில் இறக்கிவிட்டு நான் மட்டும் ஒருமுறை பாலத்தைக் கடந்து வந்தேன். டக் டக் டக். காக்கா சொன்ன வளையம்தான். ஒரு சுற்று டேப், முடிந்தது. இத்தனை நாள் சர்வீஸ் சென்டரில் பின்சீட்டில் ஒரு ஆளை உட்கார வைத்து ஓட்டியதால்தான் அவர்களுக்குக் கேட்கவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. கொஞ்சம் பாவம்தான் அவர்கள். ரொம்ப இல்லை.

அரிச்சல்முனை வரை போனோம். காற்று மணலைச் சாலைக்குக் குறுக்கே பாம்பு மாதிரி ஊர்த்திக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்காதே, சன்னல் ரப்பருக்குள் மணல் போனால் அடுத்த சத்தம் அங்கேதான் என்று அண்ணன் திட்டினார். தொதலை ஏசிக்குள் உட்கார்ந்து தின்றோம்.

மதியப் பல்லி இருக்கிறது. காரணம் தெரிந்ததாலோ என்னவோ, முன்போல உறுத்தவில்லை. அலுவலகத்தில் வேப்பமரத்துக்கு அடியில் இடம் பிடிக்கிறேன், கண்ணாடிக்கு மறைப்பு வைக்கிறேன். அப்படி வைத்த நாட்களில் தங்கச்சிமடம் வருவதற்குள் அடங்கிவிடுகிறது. தூண் மூடியைத் தொடப்போவதில்லை.

கதவுதான் மிச்சம். அக்கா சொன்ன ஒலிச் சோதனை செய்தேன். 51-இல் பிடிபட்டது. கைப்பிடிக்குக் கீழே, ஸ்பீக்கர் பக்கம் அழுத்தினால் அடங்குகிறது. எத்தனை கிளிப் இல்லை என்று கழற்றினால்தான் தெரியும்.

#20 மண்டபம்_மெதுவோட்டம்

மண்டபம் வழியாகத்தானே போனீர்கள். ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

#21 கச்சான்காற்று

தப்புதான் அண்ணே. அடுத்த முறை பின்சீட் உங்களுக்கு.

#22 மண்டபம்_மெதுவோட்டம்

என் வண்டியிலும் ஒன்று இருக்கிறது. பின்னால் இடது பக்கம், பெல்ட் கொக்கி தூணில் தட்டுகிற மாதிரி. சும்மா சொல்லி வைக்கிறேன். ஸ்பேனர் வந்தால் காட்டலாம்.

#23 சாயல்குடி_பனங்கிழங்கு

!!!

#24 கச்சான்காற்று

கடைசியாக ஒரு கேள்வி. கதவு கிளிப் வாங்கப் போகிறேன், தனித்தனியாகத் தருகிறார்கள். கழற்றும் முன்பே எத்தனை வாங்கி வைத்துக்கொள்வது?

#25 பன்னிரண்டு_பதிமூன்று_ஸ்பேனர்

பத்து வாங்கு. மூன்று ஏற்கெனவே இல்லை, நாலு நீ கழற்றும்போது உடையும், ஒன்று கதவுக்குள் விழும். அதை அப்படியே விட்டுவிடாதே, காந்தத்துக்கும் வராது, குச்சியை விட்டாவது எடுத்துவிடு.